டாக்குரியாவிலிருந்து தெற்கே: மலிவான இடத்தின் விலை

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது கொல்கத்தா மாநகராட்சி எல்லைக்குள் 45,72,876 பேர் இருந்தார்கள். பத்தாண்டு கழித்து எண்ணியபோது 44,96,694 பேர். நாட்டின் பெருநகரங்கள் பலவும் பெருத்துக்கொண்டிருந்த காலத்தில் இந்த நகரம் முக்கால் லட்சம் பேரை இழந்தது. அதே பத்தாண்டில், அதன் தெற்கு எல்லையை ஒட்டிய தெற்கு 24 பர்கானா மாவட்டம் 18 சதவீதம் வளர்ந்தது. அங்குள்ள ராஜ்பூர்-சோனார்பூர் நகராட்சியில் மட்டும் 2011-இல் 4.24 லட்சம் பேர். கொல்கத்தாவில் பிறப்பு விகிதம் குறைவு என்பது சரிவுக்கு ஒரு காரணம். இன்னொரு காரணம் தென் கொல்கத்தாவின் டாக்குரியா ரயில் நிலையத்தில் காலை நேரத்தில் கண்ணில் படும். நகரத்தைவிட்டுக் குடிபெயர்ந்தவர்கள் நகரத்து வேலையை விடவில்லை. சியால்தா தெற்குப் பாதையில் ஜாதவ்பூர், பாகாஜதீன், கரியா, சோனார்பூர், சுபாஷ்கிராம், பாருய்பூர் என்று சில நிலையங்கள் தள்ளிப் போய்க் குடியிருந்துகொண்டு, விடிந்ததும் அதே வேலைக்குத் திரும்பி வருகிறார்கள்.

வாடகை கட்டி மாளவில்லை, மலிவான இடமாகப் பார்த்துப் போய்விடலாமா என்ற பேச்சு எழாத நடுத்தர வீடு இன்று எந்த நகரத்திலும் இல்லை. அப்படிப் பேசும்போது கணக்கு குடும்பத்துக்கு மொத்தமாகப் போடப்படுகிறது: இங்கே வாடகை இவ்வளவு, அங்கே இவ்வளவு, மிச்சம் இவ்வளவு. அந்த மிச்சம் குடும்பத்தில் ஒருவர் கைக்கு வருகிறது, அதற்கான செலவு இன்னொருவர் உடம்பிலிருந்தும் நேரத்திலிருந்தும் போகிறது என்பதுதான் டாக்குரியாவை வைத்து நான் சொல்ல விரும்புவது. இடமாற்றக் கணக்கை ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் போட்டுப் பார்க்காதவரை அது சரியான கணக்காகாது.

இந்த ரயில் பாதையே ஓர் இடமாற்றத் திட்டத்துக்காகப் போடப்பட்டதுதான். ஹூக்ளி நதி தூர்ந்துகொண்டே வருகிறது, கொல்கத்தாத் துறைமுகம் நிலைக்காது என்ற அச்சம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலேய வணிகர்களைப் பிடித்திருந்தது. தெற்கே மாத்லா நதிக்கரையில் புதிய துறைமுகம் அமைக்க முடிவாயிற்று. வைஸ்ராய் கானிங்கின் பெயரால் போர்ட் கானிங். அதற்காகவே கொல்கத்தாவிலிருந்து 1862-இல் சம்பாஹாட்டி வரையும், 1863-இல் போர்ட் கானிங் வரையும் தண்டவாளம் போடப்பட்டது. நிலம் மலிவு, நீர் ஆழம். 1867 நவம்பரில் வந்த புயல் அதன் துறைகளைச் சிதைத்தது. கப்பல்களும் எதிர்பார்த்தபடி வரவில்லை. சில ஆண்டுகளில் துறைமுகம் கைவிடப்பட்டது. தண்டவாளம் மட்டும் மிஞ்சியது. நகரத்தைத் தெற்கே கொண்டுபோக வந்த பாதை, தெற்கிலிருந்து ஆட்களை நகரத்துக்குக் கொண்டுவரும் பாதையாயிற்று.

டாக்குரியா அப்போது நகரத்தின் வெளியில் கிடந்த தாழ்நிலம். 1920-களில் கல்கத்தா மேம்பாட்டு அறக்கட்டளை இங்கே ஏறத்தாழ 190 ஏக்கர் சதுப்பு நிலத்தை எடுத்து, ஏரி வெட்டி, அந்த மண்ணைக் கொண்டே சுற்றுப்புறத்தை மேடாக்கியது. 1958-இல் அதற்கு ரவீந்திர சரோவர் என்று பெயர் மாற்றினார்கள். பேச்சுவழக்கில் இன்றும் டாக்குரியா லேக்தான். ஏரியும் அதன் மரங்களும் வந்த பிறகே நிலத்தின் விலை ஏறத் தொடங்கியது. பொதுப்பணம் ஒரு வசதியைக் கொண்டுவந்து வைத்தால் அதன் மதிப்பு நில விலையில் போய் ஏறிக்கொள்கிறது. அப்படியானால் ஓர் இடம் மலிவாகக் கிடைக்கிறது என்றால், ஏரியோ குடிநீரோ மருத்துவமனையோ வேலைக்குப் போகும் வழியோ ஏதோ ஒன்று அங்கே இல்லை என்றே பெரும்பாலும் பொருள். இல்லாத அதை நாம் எதைக் கொடுத்து ஈடுகட்டப்போகிறோம் என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்கு மிகக் கடுமையான பதிலைத் தெரிந்துகொண்டவர்கள் கிழக்கு வங்க அகதிகள். பிரிவினைக்குப் பின் வந்தவர்களில் ஒரு பகுதியினர் டாக்குரியாவுக்குத் தெற்கே ஜாதவ்பூர்ப் பக்கம், போர்க்காலத்தில் அமெரிக்கப் படையினர் இருந்து காலிசெய்த முகாம்களிலும் ஜமீன்தார்களின் சதுப்பு நிலங்களிலும் புகுந்து குடிசை போட்டார்கள். பிஜய்கர், ஆஜாத்கர், நேதாஜி நகர் என்று காலனிகள் எழுந்தன. அவர்களை வெளியேற்ற வழிசெய்யும் சட்டம் 1951-இல் வந்தபோது எதிர்த்துப் போராடி, இருந்த இடத்திலேயே நிலைத்தார்கள். மண் தரை, கொசு, வெள்ளம் எல்லாம் இருந்தது. நடந்தால் டிராம், கல்லூரி, அலுவலகம், டியூஷன் சொல்லித்தர வீடுகள் எல்லாமும் இருந்தன.

பின்னால் வந்தவர்களுக்கு, அதுவும் பெரும்பாலும் நாமசூத்திரர் போன்ற ஒடுக்கப்பட்ட சாதி உழவர்களுக்கு, நகரத்தில் இடம் கொடுக்க யாருக்கும் மனமில்லை. 1958-இல் தண்டகாரண்ய வளர்ச்சி ஆணையம் அமைக்கப்பட்டு, ஒடிசாவின் கோராபுட், அன்றைய மத்தியப் பிரதேசத்தின் பஸ்தர் பகுதிகளுக்கு அவர்கள் அனுப்பப்பட்டார்கள். நிலம் ஏராளம், ஏறக்குறைய இலவசம். வண்டல் மண்ணும் ஆறும் பழகிய உழவனுக்குக் கல்லும் சரளையும் மழை பொய்க்கும் மேட்டுநிலமும் கிடைத்தன. சந்தை தூரம், மொழி வேறு. ஏற்கெனவே அங்கே வாழ்ந்த ஆதிவாசிகளின் நிலத்தில் இவர்களைக் கொண்டுபோய் வைத்ததால் வந்த உரசல் தனி. 1978-இல் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கிருந்து கிளம்பி வந்து சுந்தரவனத்தில் மரிச்ஜாபி தீவில் குடியேறின. மாநில அரசு 1979 ஜனவரியில் தீவை முற்றுகையிட்டது. மே மாதம் காவல்துறையை இறக்கி அவர்களை அகற்றியது. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. தண்டகாரண்யத்திலேயே தங்கி மண்ணைத் திருத்தி வேரூன்றியவர்களும் இருக்கிறார்கள். மல்கான்கிரியிலும் பகாஞ்சூரிலும் வங்காளி ஊர்கள் இன்று செழிப்பாகவே உள்ளன. ஆனால் பிஜய்கரில் சேற்றில் பிடிவாதமாக உட்கார்ந்தவனின் பேரன் அடைந்த படிப்பையும் வேலையையும், இலவச ஏக்கர்களுடன் அனுப்பப்பட்டவனின் பேரன் அடைய இன்னும் ஒரு தலைமுறை பிடித்தது என்பதே என் மதிப்பீடு.

தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சென்னையில் கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் கடற்கரைக் குப்பங்களிலிருந்தும் அகற்றப்பட்டவர்களுக்காக 2000-ஆம் ஆண்டு முதல் துரைப்பாக்கத்துக்கு அருகே கண்ணகி நகர் கட்டப்பட்டது. பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். வீடு கிடைத்தது, கூரை உறுதியானது. மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் நாலு வீட்டில் வேலை பார்த்த பெண்ணுக்குப் பேருந்தில் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். கேரன் கொயெலோவும் அவருடைய குழுவினரும் கண்ணகி நகரின் வேலைவாய்ப்பைப் பற்றி 2012-இல் வெளியிட்ட ஆய்வு, மறுகுடியமர்த்தல் எப்படி உழைப்புச் சந்தையின் அடித்தட்டிலேயே மக்களை நிறுத்திவைக்கிறது என்பதைக் காட்டுகிறது. இடத்தின் விலையை அரசு கட்டினாலும் தூரத்தின் விலையை அந்தப் பெண்ணே கட்டினாள்.

பொருளியலில் இதற்கு நீண்ட மரபு உண்டு. ஜெர்மானிய நிலக்கிழார் யோஹான் ஃபொன் தூனன் 1826-இல் எழுதிய நூலில், சந்தையிலிருந்து தூரம் கூடக் கூட நிலத்தின் குத்தகை ஏன் குறைகிறது என்று விளக்கினார். வில்லியம் அலோன்ஸோ 1964-இல் அதை நகரத்து வீட்டு வாடகைக்குப் பொருத்தினார். இந்தப் பார்வையின்படி வாடகையில் குறைவதும் பயணத்தில் கூடுவதும் சமன். தூரத்தில் குடியிருப்பவன் நஷ்டப்படுவதில்லை. கோட்பாடு அழகானதுதான். ஆனால் அலோய்ஸ் ஷ்டூட்ஸரும் புரூனோ ஃபிரையும் ஜெர்மனியில் ஆண்டுதோறும் அதே குடும்பங்களைக் கேட்டுத் திரட்டிய தரவுகளை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட கட்டுரையில் வேறொன்றைக் கண்டார்கள். நீண்ட தூரம் வேலைக்குப் போய்வருபவர்கள், மற்றவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையில் நிறைவு குறைவு என்றே சொன்னார்கள். மலிவான வீடோ கூடுதல் சம்பளமோ அந்தக் குறையை நிரப்பவில்லை. வீட்டின் அளவும் வாடகையும் கையெழுத்துப் போடும் அன்றே கண்முன் நிற்கின்றன. தினசரிப் பயணத்தின் களைப்போ ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. அதை முன்கூட்டி எடைபோட மனிதருக்குக் கடினம்.

டாக்குரியாவில் நடுத்தரக் குடும்பங்களை நகர்த்துவது ஆசை மட்டுமல்ல, சட்டமும்தான். பழைய வாடகைதாரர்கள் அறுபதுகளில் சலாமி என்னும் ஒருமுறைத் தொகை கொடுத்துப் புகுந்து, சொற்ப வாடகையில் தலைமுறையாக இருந்தவர்கள். 1997-இல் இயற்றப்பட்டு 2001-இல் நடைமுறைக்கு வந்த மேற்கு வங்க வாடகைச் சட்டம், வாடகைதாரர் இறந்தால் அவருடன் குடியிருந்த பிள்ளைகளுக்கு ஐந்தாண்டு மட்டுமே உரிமை என்று வரையறுத்தது. அவருடைய மனைவிக்கோ கணவருக்கோ மட்டும் அந்தக் கெடு இல்லை. ஆகவே அம்மா இருக்கும்வரை வீடு. அம்மா போனால் ப்ரமோட்டர் வருவார். பழைய இரண்டு மாடி வீட்டை இடித்து நான்கு மாடி கட்டுவார். சொந்தக்காரருக்கு ஒரு ஃபிளாட்டும் கொஞ்சம் பணமும், வாடகைதாரருக்குக் காலிசெய்ய ஒரு தொகை. அந்தத் தொகையைக் கொண்டு டாக்குரியாவில் ஒரு அறைகூட வாங்க முடியாது. சோனார்பூரில் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டுக்கு முன்பணமாக அது போதும். இந்த வட்டாரத்திலிருந்து அப்படித்தான் ஒவ்வொரு வீடாகப் போயிற்று.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. எண்கள் கற்பனை, வழி உண்மை. இடம் மாறியதில் மாதம் எட்டாயிரம் ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் பயணம் போக ஒரு மணி, வர ஒரு மணி. மாதம் இருபத்துநாலு நாள் என்றால் 48 மணி நேரம். ஒரு மணிக்கு 167 ரூபாய். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போனால் 83 ரூபாய். நிலையத்திலிருந்து வீட்டுக்கு டோட்டோ என்னும் மின்ரிக்‌ஷா, மழை நாளில் ஆட்டோ, பிள்ளையின் பள்ளி வேன் எல்லாம் கழித்தால் ஐம்பதுக்கும் கீழே. சிலருக்கு அந்த ஐம்பதும் தேவைதான், அதில் குறைசொல்ல எதுவுமில்லை. ஆனால் அந்த இரண்டு மணி நேரம் யாருடைய எதிலிருந்து எடுக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். கணவர் பெரும்பாலும் இரவுத் தூக்கத்திலும் நண்பர்களுடன் பேசும் நேரத்திலும் குறைத்துக்கொள்கிறார். மனைவிக்குக் குறைக்க எதுவுமில்லாததால் எழும் நேரம் ஐந்தரையிலிருந்து நாலரைக்குப் போகிறது. பல வீடுகளில் இரண்டாவது ஆண்டிலேயே அவர் வேலையை விட்டுவிடுகிறார். அந்தச் சம்பளம் நின்றுபோனதை இடமாற்றத்தின் செலவில் யாரும் எழுதுவதில்லை. 'வீட்டுச் சூழ்நிலை' என்று எழுதிவிடுகிறார்கள்.

அரசு ஊழியர்களுக்கு ஒரு விசித்திரமான சலுகை இருக்கிறது. ஏழாவது ஊதியக்குழுவின்படி மத்திய அரசின் வீட்டு வாடகைப் படி நகரத்தின் வகையைப் பொறுத்தது. அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்ட 2024 ஜனவரி முதல் அது அடிப்படைச் சம்பளத்தில் 30, 20, 10 சதவீதம். கொல்கத்தாவும் சென்னையும் முதல் வகை, கோவை, திருச்சி, மதுரை இரண்டாவது, சிற்றூர்கள் மூன்றாவது. அடிப்படைச் சம்பளம் 50,000 என்றால் கொல்கத்தாவில் 15,000, சிற்றூரில் 5,000. விதி பார்ப்பது பணியிடத்தை, குடியிருப்பை அல்ல. கொல்கத்தா அலுவலகத்தில் வேலைபார்த்துக்கொண்டு பாருய்பூரில் குடியிருப்பவருக்கு முழு 15,000 கிடைக்கும். தனியார் நிறுவனங்கள் இவ்வளவு தாராளமாக இருப்பதில்லை. 2020 மே மாதம் ஃபேஸ்புக், வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதித்த கையோடு, மலிவான ஊருக்குப் போகிறவர்களின் சம்பளம் அந்த ஊருக்கு ஏற்ப மாற்றப்படும் என்று அறிவித்தது. மலிவின் பலன் ஊழியருக்கா முதலாளிக்கா என்பது வேலை ஒப்பந்தத்தின் ஒரு வரியில் இருக்கிறது. வீட்டுத் தரகரிடம் பேசுவதற்கு முன் அந்த வரியைப் படித்துவிட வேண்டும்.

பணத்தில் வராத இரண்டு விஷயங்களைத் தென் கொல்கத்தாவில் தவிர்க்க முடியாது: தண்ணீரும் நிலப் பத்திரமும். கொல்கத்தா மாநகராட்சியின் தென்பகுதிக்கு ஹூக்ளி நீரைச் சுத்திகரித்துக் கார்டன் ரீச்சிலிருந்து அனுப்புகிறார்கள். எல்லையைத் தாண்டினால் பல இடங்களில் ஆழ்துளைக் கிணறுதான். சோனார்பூர், பாருய்பூர் வட்டாரங்கள் நிலத்தடி நீரில் ஆர்சனிக் கலந்த பகுதிகள். மேற்கு வங்கத்தில் இந்த நச்சுப் பாதிப்பு 1983-இல் தோல் நோய் மருத்துவர்களின் கவனத்துக்கு வந்தது. டாக்குரியாவுக்கு அடுத்த நிலையமான ஜாதவ்பூரின் பல்கலைக்கழகத்தில் தீபங்கர் சக்ரவர்த்தி என்ற வேதியியலாளர், ஊர் ஊராகக் குழாய்க் கிணற்று நீரைச் சோதித்து வாழ்நாளைக் கழித்தார். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. உள்ளங்கை தடித்துக் கறுப்பதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். எல்லாக் கிணறும் கெட்டதில்லை. ஒரு கிணறு நல்லதாகவும் பக்கத்துக் கிணறு கெட்டதாகவும் இருக்கலாம். ஆகையால் ஊரின் பெயரைக் கேட்டு முடிவெடுக்காமல், குடியேறப்போகும் கட்டடத்தின் நீரைச் சோதனைக்குக் கொடுத்துப் பார்ப்பதே வழி. இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

நிலம் வாங்குவோருக்கு வேறு ஆபத்து. இங்கே காட்டா கணக்கு. ஒரு காட்டா 720 சதுர அடி. 'பாதி விலைக்கு மூன்று காட்டா' என்று வரும் மனை, பதிவேட்டில் ஷாலி, அதாவது நெல்வயலாக இருக்கும். அதை வாஸ்து, அதாவது குடியிருப்பு மனையாக மாற்றாமல் வீடு கட்ட முடியாது. இன்னும் மோசமானது, அது கிழக்குக் கொல்கத்தா சதுப்பு நிலத்தின் பகுதியாக இருப்பது. நகரத்தின் கழிவுநீரை மீன் பண்ணைகள் வழியே இயற்கையாகச் சுத்திகரிக்கும் 12,500 ஹெக்டேர் பரப்பு அது. 2002 முதல் ராம்சார் தலம், 2006-இல் இயற்றிய தனிச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. அதன் மௌசாக்கள் (வருவாய்க் கிராமங்கள்) சில சோனார்பூர் பக்கமும் நீள்கின்றன. அங்கே கொட்டும் மண்ணுக்குக் கொடுக்கும் விலையை, மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் நகரம் முழுவதும் சேர்ந்து கட்டுகிறது.

இதுவரை பேசியது நகரத்திலிருந்து தெற்கே போனவர்களைப் பற்றி. காலையில் டாக்குரியா நிலையத்தில் இறங்குவோரில் மிகப் பெரிய கூட்டம் அவர்கள் இல்லை. கானிங், லக்ஷ்மிகாந்தபூர் ரயில்களில் வரும் வீட்டுவேலைப் பெண்களே பெருங்கூட்டம். பெட்டி நிற்பதற்கு முன்பே குதித்து, தண்டவாளத்தைக் கடந்து, மீன் கடைகளுக்கு நடுவே ஆளுக்கொரு சந்தாகப் பிரிந்து போவார்கள். கையில் ஒரு துணிப்பை, இடுப்பில் செருகிய செல்பேசி. எங்கள் கட்டடத்தில் வேலை செய்ய வரும் மாஷி கானிங் பாதையில் தால்தியிலிருந்து வருகிறார். இங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கினால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "தங்கலாம் அண்ணி. ஆனால் இங்கே ஒரு அறைக்குக் கொடுக்கும் வாடகை மூன்று வீட்டுச் சம்பளம். அங்கே சொந்தக் குடிசை, நாலு கோழி, மாமியார் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறாள். இங்கே வந்தால் பிள்ளையை யாரிடம் விடுவேன்?" என்றார். அவர் போட்டிருக்கும் கணக்கு துல்லியமானது. அவருடைய மாமியாரின் உழைப்பும் அதில் ஒரு வரவு. நடுத்தர வீட்டுக் கணக்கில் அப்படி யாரும் எழுதியதில்லை.

தெற்கு 24 பர்கானா கிராமங்களிலிருந்து ரயிலேறி வரும் இந்தப் பெண்களைத் தொண்ணூறுகளில் அனன்யா ராய் ஆராய்ந்தார். 2003-இல் வந்த அவருடைய கொல்கத்தா நூலில் அது விரிவாக இருக்கிறது. நிலமற்ற கிராம வீடுகளில் ஆண்களுக்கு வேலையில்லாத நிலையில், பெண்ணின் தினசரிப் பயணமே குடும்பத்தைத் தாங்கியது என்பது அதில் தெரிகிறது. மம்தா பானர்ஜி ரயில்வே அமைச்சராக இருந்த 2009-இல், மாதம் 1,500 ரூபாய்க்கு மேல் வருமானமில்லாதவர்களுக்கு 100 கிலோமீட்டர் வரை 25 ரூபாயில் 'இஸ்ஸத்' மாதச் சீட்டு வந்தது. அதே ஆண்டு மே 25-இல் ஐலா புயல் சுந்தரவனத்தின் கரைகளை உடைத்து வயல்களில் உப்பு நீரை ஏற்றியது. அதன்பின் ரயிலேறியவர்கள் இன்னும் கூடினார்கள். அவர்களுடைய கிராமம் மலிவானதுதான். அங்கே ஊதியமே இல்லாமற்போனபோது மலிவுக்குப் பொருளில்லை.

மலிவான இடத்தில் குடியிருந்து விலை கூடிய இடத்தில் உழைப்பவரின் வாழ்க்கை ஒரே நூலில் தொங்குகிறது. 2020 மார்ச்சில் அந்த நூல் அறுந்தது. ஊரடங்கில் நின்ற புறநகர் ரயில்கள் மேற்கு வங்கத்தில் நவம்பர் 11-ஆம் தேதிதான் மீண்டும் ஓடின. 2021 மே மாதம் மறுபடி நின்று, அக்டோபர் 31-இல் தொடங்கின. அலுவலகங்களும் கடைகளும் திறந்த பின்னும் பல மாதங்கள் பொதுமக்களுக்கு ரயில் இல்லை. வீட்டிலிருந்தே வேலை பார்த்தவர்களுக்குச் சோனார்பூரின் கூடுதல் அறை அந்த நாட்களில் பெரும் வரமாக இருந்தது; தால்திப் பெண்களுக்கோ சம்பளம் அடியோடு நின்றது. சிலர் நாலைந்து பேராகச் சேர்ந்து நகரத்தில் அறை பிடித்தார்கள். பலருடைய வேலை, நடந்துவரும் தூரத்தில் குடியிருந்த பெண்களுக்குப் போய்விட்டது.

நடந்துவரும் தூரத்தில் இருப்பவர்கள் யார்? ஏரிக்குத் தெற்கே பட்ஜ் பட்ஜ் தண்டவாளத்தை ஒட்டி இருக்கும் கோவிந்தபூர் ரயில் காலனி போன்ற இடங்களில் இருப்பவர்கள். ஏரி மாசுபடுகிறது என்று தொடரப்பட்ட வழக்கை அடுத்து அவர்களை அகற்ற உத்தரவு வந்தது. 2005-இல் அகற்ற வந்தபோது காலனி மக்கள் மறித்து நின்று தடுத்தார்கள். ரயில் அதிர்வில் நடுங்கும் சுவர், எந்நேரமும் இடிபடலாம் என்ற பயம், பொதுக் குழாயில் வரிசை. இவ்வளவுக்கும் நடுவே அவர்கள் ஏன் புறநகர் மாற்று வீட்டை நம்ப மறுக்கிறார்கள் என்று ஏரியில் நடைபயிலும் கனவான்கள் வியந்துகொள்வதுண்டு. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் கையில் மிஞ்சுவதும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பத்து நிமிடத்தில் வீட்டுக்கு ஓடிவர முடிவதும் அந்தச் சுவருக்குள்தான் இருக்கின்றன. அவர்களுடைய கணக்கு தவறென்று என்னால் சொல்ல முடியவில்லை.

தெற்கே போவதால் கிடைக்கும் நன்மையைக் குறைத்துச் சொல்வதும் நேர்மையாகாது. சொந்த வீடு என்பது பெரிய விடுதலை; வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து ஆண்டுதோறும் பதினொரு மாத ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியதில்லை. வயதான மாமியாருக்கு ஒரு தனி அறை, வீட்டிலேயே தையலோ டியூஷனோ தொடங்க ஓர் இடம், கொஞ்சம் காற்று. இடமும் அப்படியே இருந்துவிடுவதில்லை. பாகாஜதீனும் பிஜய்கரும் ஒருகாலத்தில் யாரும் போகத் தயங்கிய சேறு. இன்று அங்கே மனை வாங்க நடுத்தர வர்க்கத்தால் முடியாது. கொல்கத்தா மெட்ரோ 2010-இல் நியூ கரியாவின் கவி சுபாஷ் நிலையம் வரை நீண்டபோது அதைச் சுற்றிய புறநகர்களின் தலையெழுத்தே மாறியது. ஆனால் 2025 ஜூலையில் அதே நிலையத்தின் தூண்களில் விரிசல் கண்டு அதை மூடினார்கள். அதை நம்பி வீடு வாங்கியவர்கள் ஒரு நிலையம் முன்னால் ஷஹீத் குதிராமிலேயே ஏறி இறங்க நேர்ந்தது. வரப்போகும் ரயிலைக் காட்டி விற்கும் மனையை, ஓடிக்கொண்டிருக்கும் ரயிலின் கணக்கில் வாங்கக் கூடாது.

டாக்குரியாவிலிருந்து கொஞ்ச தூரத்தில் லேக் மார்க்கெட். ராஷ்பிஹாரி அவென்யூவைச் சுற்றி, சுதந்திரத்துக்கு முன்பிருந்தே தமிழர்கள் குடியேறிய இடம். சுருக்கெழுத்தாளர்களாக, கணக்காளர்களாக, ரயில்வே, தணிக்கை அலுவலக ஊழியர்களாக வந்தவர்கள். கோமள விலாஸ் போன்ற விடுதிகள் அவர்களுக்கு முதல் வீடு. எழுபதுகளுக்குப் பின் நிறுவனங்கள் நகரத்தைவிட்டுப் போகப் போக, பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போனார்கள். இன்று எஞ்சியிருக்கும் முதியவர்கள் முன் இந்தக் கேள்வி தலைகீழாக நிற்கிறது. கொல்கத்தாவே இந்தியப் பெருநகரங்களில் மலிவானவற்றுள் ஒன்று. நைட் ஃபிராங்க் நிறுவனத்தின் 2023 மதிப்பீட்டில் வீட்டுக் கடன் தவணைக்கு ஒரு குடும்பத்தின் வருமானத்தில் போகும் பங்கு கொல்கத்தாவில் 24 சதவீதம், சென்னையில் 25, மும்பையில் 51. ஆகவே 'மெட்ரோவைவிட்டு மலிவான ஊருக்குப் போகிறோம்' என்று கோவையில் முதியோர் குடியிருப்பு வாங்கும் கொல்கத்தாத் தமிழர், மீனும் காய்கறியும் மாநகராட்சித் தண்ணீரும் மலிவாகக் கிடைக்கும் நகரத்தைவிட்டு, மாதப் பராமரிப்புக் கட்டணம் கேட்கும் வளாகத்துக்குப் போகிறார். அவர் போவது பணத்துக்காக இல்லை. பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கவும், கடைசிக் காலத்தில் தன் மொழியில் நர்ஸிடம் பேசவும்தான். அதை அப்படியே சொல்லிக்கொண்டு போனால் ஏமாற்றம் குறையும்.

சிற்றூருக்கே போகிற ஓய்வூதியக்காரருக்கு லாபம் முழுதாகக் கிடைக்கும், ஏனென்றால் ஓய்வூதியமும் அதன் அகவிலை நிவாரணமும் ஊர் பார்த்துக் குறைவதில்லை. குறைவது மருத்துவம். மத்திய அரசு சுகாதாரத் திட்ட மையம் இல்லாத பகுதியில் குடியிருக்கும் ஓய்வூதியருக்கு, வெளிநோயாளிச் செலவுக்காக 2017 ஜூலை முதல் மாதம் 1,000 ரூபாய் நிலையான மருத்துவப் படி. தொலைவில் இருக்கும் மருத்துவருக்கு அரசு போட்டிருக்கும் விலை அது. ஜப்பான் அரசு 2023 முதல், டோக்கியோவைவிட்டுச் சிற்றூருக்குக் குடிபோகும் குடும்பங்களுக்குக் குழந்தை ஒன்றுக்குப் பத்து லட்சம் யென் வரை தருகிறது. குழந்தையோடு ஊர் மாறுவதற்கு அங்கே அரசே ஒரு பெரிய தொகையை ஒதுக்கியிருக்கிறது.

டாக்குரியாவுக்கும் சோனார்பூருக்கும் இடையே நகரும் குடும்பத்துக்கு எந்த அரசும் எதுவும் தருவதில்லை. நம் ஊர்களில் வீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் சொந்த வீடு என்ற ஒன்றையே நோக்கிப் போகின்றன. மலிவான நிலம் எங்கே கிடைக்கிறதோ அங்கே கட்டுவது, கட்டிய இடத்துக்கு மக்களை அனுப்புவது. வேலைக்குப் பக்கத்தில் குறைந்த வாடகை வீடு என்பது திட்டமாகவே, பெருந்தொற்றில் மக்கள் நெடுஞ்சாலைகளில் நடந்த பிறகு, 2020-இல்தான் மத்திய அரசின் அறிவிப்புகளில் தலைகாட்டியது. தால்தி மாஷிக்கு டாக்குரியாவில் மூன்று வீட்டுச் சம்பளத்துக்குப் பதில் ஒரு வீட்டுச் சம்பளத்தில் ஓர் அறையும், பிள்ளையை விட ஓர் அங்கன்வாடியும் கிடைத்தால் அவருடைய கணக்கே மாறிவிடும். ஏரிக்கரை மனைகளின் விலையைப் பொதுப்பணம் ஏற்றியதைப் போலவே இதையும் பொதுப்பணத்தால் செய்ய முடியும்.

அதுவரை, போவதா இருப்பதா என்று யோசிப்பவர்கள் திரும்பி வர முடியாத தன்மையைத் தனிச் செலவாக எழுத வேண்டும். டாக்குரியா ஃபிளாட்டை விற்றுச் சோனார்பூரில் வாங்கியவர் மிச்சப் பணத்தை வங்கியில் போட்டாலும், ஐந்தாண்டு கழித்து அதைக் கொண்டு திரும்ப இங்கே வாங்க முடியாது. பழைய வாடகை உரிமையை விட்டவருக்கு அது மறுபடி கிடைக்காது. ஆகையால் விற்பதற்கு முன் ஓராண்டு இங்கே பூட்டியோ வாடகைக்கு விட்டோ, அங்கே வாடகைக்கு இருந்து பார்க்கலாம். அந்த ஓராண்டில் ஒரு மழைக்காலமும், ஒரு பூஜை விடுமுறையும், நள்ளிரவில் ஒருமுறையாவது மருத்துவரைத் தேடும் நிலையும் வந்துவிடும். ஆண்டு முடிவில், வீட்டில் யார் எழும் நேரம் மாறியது, யார் வேலை நின்றது, யார் பேச ஆளில்லாமல் இருந்தார் என்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். விற்பனைப் பத்திரத்தில் யார் பெயர் இருந்தாலும், கடைசியாகக் கேட்கப்பட வேண்டியவர் அவர் அல்ல. நாலரை மணிக்கு எழப்போகிறவர்.